கண்மாயில் இறங்கிய பாய்ப்படகு

நாற்பத்தாறு வயதில் ஹெப்சிபா பாய்ப்படகு வாங்கப் போவதாகச் சொன்னபோது, அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் ரத்தினம் நினைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அவள் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து தூத்துக்குடியில் மூன்று வருடம் படகு ஓட்டியிருந்தாள். அவள் கணவன் ரத்தினம் ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். மலைப்பாதையில் பஸ் இரண்டு வளைவு திரும்பினாலே அவனுக்கு வாந்தி வந்துவிடும்.

கடலோரத்தில் தேடிக் கிடைக்காத படகு ராஜபாளையத்திலேயே, ஒரு மில்லின் பழைய பஞ்சு குடோனில் கிடந்தது. இருபத்திரண்டடி நீளம், இரண்டு பேர் படுத்துத் தூங்க உள்ளே இடம், சின்ன அடுப்பு, பின்னால் ஒரு எஞ்சின். மில் முதலாளி சௌந்தரபாண்டியன் ஆறு வருடங்களுக்கு முன் கொச்சியில் அதைப் பழசாக வாங்கி, டிரெய்லரோடு இழுத்து வந்திருந்தார். சரிபார்த்துக் கடலுக்குக் கொண்டுபோவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி பரிபூரணம் இப்போது குடோனை வாடகைக்கு விட நினைத்தார். படகு போனால்தான் இடம் காலியாகும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹெப்சிபாவும் ரத்தினமும் குடோனுக்குப் போனார்கள். பரிபூரணம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்சிபா ஒரு மரச்சுத்தியால் படகின் ஃபைபர் உடம்பை ஒவ்வொரு சாணாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டாள்.

“என்ன டீச்சர், தேங்காயா தட்டிப் பாக்கீய?”

“அதே மாதிரிதான்க்கா. கணீர்னு கேட்டா உள்ள கெட்டியா இருக்கு. தொப்புனு கேட்டா தண்ணி எறங்கி ஊறியிருக்கு.”

ஓரிடத்தில்கூடத் தொப்பென்று கேட்கவில்லை. பாய்களை விரித்துப் பார்த்தார்கள். பெரிய பாய் நன்றாக இருந்தது. முன்பாயை எலி கடித்திருந்தது, தைத்துக்கொள்ளலாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் இரண்டு பிரி விட்டிருந்தன. எஞ்சின் எட்டாவது இழுப்பில் இருமிக்கொண்டு கிளம்பியது.

டார்ச்சோடு அடியில் படுத்திருந்த ரத்தினம் கூப்பிட்டான்.

“ஏட்டி, இங்க வா. இந்தப் பின்னைப் பாரு.”

படகு சாய்ந்தாலும் கவிழாமல் பிடித்து நிறுத்துவது அடியில் இருக்கும் கனமான இரும்புப் பலகை. கரைக்கு வரும்போது அதை மேலே தூக்கிக்கொள்ளலாம். அந்தப் பலகை முழுவதும் ஒரே ஒரு இரும்பு ஆணியில், அந்தப் பின்னில்தான் தொங்கியது. அந்தப் பின் பாதிக்குமேல் துருவில் கரைந்திருந்தது.

“இது ஒடிஞ்சா?” என்று கேட்டார் பரிபூரணம்.

“பலகை தண்ணிக்குள்ள போயிரும். பொறவு படகு கவுந்துரும்” என்றாள் ஹெப்சிபா. மறைக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை.

பரிபூரணம் நாற்காலியைப் படகுக்கு அருகே இழுத்துப் போட்டார். “இதுக்கு முன்ன அஞ்சு பேரு வந்து பாத்தாவ. ஒருத்தரும் கீழ படுக்கல” என்றார்.

“பின்னை நான் புதுசா கடைஞ்சு போடுதேன்” என்றான் ரத்தினம். “ஆனா தண்ணியில எறக்கி ஓட்டிப் பாக்காம வாங்க மாட்டோம்.”

“ஓட்டிட்டு வேண்டாம்னு சொன்னீயன்னா?”

“சொன்னாலும் பின்னு ஒங்களுக்குத்தான்க்கா.”

அந்த மார்கழியில் ஊருக்கு வெளியே இருந்த கண்மாய் நிறைந்து மறுகால் போயிருந்தது. மீன் குத்தகை எடுத்திருந்த சமுத்திரத்திடம், படகை இறக்கலாமா என்று ஹெப்சிபா போய்க் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, “மடைப்பக்கம் ரெண்டு ஆள் ஆழம் இருக்கு டீச்சர். கிழக்க மட்டும் வலை கெடக்கு, அங்க போயிராதீய” என்றார்.

டிராக்டர் டிரெய்லரை இழுத்துவந்தது. கரையோரம் போகும் கரண்டு கம்பிக்கு வெகுதூரம் தள்ளி நிறுத்தி, நாலு பேர் பாய்மரத்தைத் தூக்கினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிவதற்காகப் பாய்மரக் கம்பிகளில் பேண்டேஜ் துணியைக் கிழித்துக் கட்டினாள் ஹெப்சிபா. கரையில் ஊரே கூடிவிட்டது.

ரத்தினம் மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டு ஏறினான். “நானும் வாரேன்” என்று செருப்பைக் கழற்றினார் பரிபூரணம். அறுபது வயதில் அவர் இப்படிக் கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

முதலில் படகு மெதுவாக நகர்ந்தது. காற்றுக்கு எதிரே எவ்வளவு தூரம் ஏறுகிறது, திரும்பச் சொன்னால் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று ஹெப்சிபா மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் பலத்த காற்று ஒன்று திடீரென்று பாயில் மோதியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

“ஹெப்சி, கவுருது!” என்று கத்தினான் ரத்தினம்.

அவள் பாய்க்கயிற்றைத் தளர்த்தினாள். அடியில் இருந்த இரும்பு தன் கனத்தால் படகை இழுத்து நிமிர்த்தியது. ரத்தினம் கீழே குனிந்து தான் கடைந்த பின் இருக்கும் இடத்தையே பார்த்தான். அது அசையவில்லை. பரிபூரணத்தின் சேலை முழுக்க நனைந்திருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் அவர் சொன்னார்: “டீச்சர், தப்பா நெனைக்காதீய. நான் இத விக்கல.”

ஹெப்சிபா பாயை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். ரத்தினம்தான் வழியெல்லாம் பொருமினான். “நாம பாடுபட்டுச் சரிபண்ணி அவியளுக்குக் குடுத்துட்டோம்.”

“அவங்க சாமான். அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு” என்றாள் அவள். ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பரிபூரணம் பட்டறைக்கே வந்தார். பள்ளி விட்டு வந்த ஹெப்சிபா அங்கே இருந்தாள்.

“அவிய அதை வாங்கினப்ப வீண்செலவுன்னு அம்புட்டுச் சண்டை போட்டேன். ஒருநாளும் ஏறிப் பாக்கல. அன்னைக்கு ஏறுனப்பதான் அவிய ஆசை எனக்குப் புரிஞ்சுது” என்றார். “ஆனா எனக்கு ஓட்டத் தெரியாது. பாதி ஒங்களுது, பாதி எனக்கு. என்னையும் கூட்டிட்டுப் போகணும். ஓட்டவும் சொல்லித் தரணும். என்ன சொல்லுதீய?”

படகு தனக்கே முழுசாக வேண்டும் என்றுதான் ஹெப்சிபா நினைத்திருந்தாள். இருந்தாலும், நனைந்த சேலையோடு சிரித்த அந்த முகம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

“திரும்ப அது குடோனுக்குள்ள போகக் கூடாதுக்கா.”

“போவாது.”

மாசியில் படகைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார்கள். கம்பிகள் எல்லாம் புதுசு, முன்பாயைத் தைத்திருந்தார்கள். கண்மாயில் தெரியாத குறை ஒன்று கடலில் தெரிந்தது. காற்றுக்கு எதிரே போகும்போது படகு பக்கவாட்டில் நழுவியது. முன்பாய் பழசாகித் தொய்ந்துவிட்டது என்றும், மழைக்காலத்துக்குள் வேறு வாங்கியாக வேண்டும் என்றும் ஹெப்சிபா சொன்னாள். மற்றபடி அலையில் நன்றாக ஏறி இறங்கியது. ரத்தினம் மூன்று முறை வாந்தி எடுத்தான். நாலாவது முறை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை.

“அக்கா, கொஞ்சம் எடப்பக்கம் தள்ளுங்க. இன்னுங் கொஞ்சம்” என்றாள் ஹெப்சிபா.

பரிபூரணம் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். பாயில் காற்று நிறைந்தது. படகு தெற்கே, மணப்பாட்டை நோக்கித் திரும்பியது.