‘ர’ இல்லை, ‘ள’

1

இந்தக் கதையை நான் ஒரு சுவரிலிருந்து எடுத்தேன். ஆனைக்குட்டம் பஸ் ஸ்டாப்பில் பட்டாசு முதலாளி சங்கரலிங்கத்தின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படத்துக்குக் கீழே, எல்லாச் சாவுக்கும் போடுகிற அந்த இரண்டு வரி:

சொல்லாமப் போனவரே, சோறு ஆறுது;
எல்லாரும் வந்தாச்சு, தட்டு ஒண்ணு காலி.

‘போனவரே’யில் ‘ர’வை அடித்து யாரோ மார்க்கரால் ‘ள’ போட்டிருந்தார்கள். அடியில் ‘வள்ளி’ என்று ஒரு கையெழுத்து.

2

“கந்தகம் மணக்கும் கரிசல் மண்ணில் இசைவாணி என்னும் கவிஞர்—”

(சீ! சிவகாசிப் பக்கத்துக் கதை என்றாலே இந்தக் கந்தகம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.)

விசாரித்து, ‘ள’ போட்டவளையே தேடிப் போய் இதை வாசித்துக் காட்டினேன்.

“அது யாரு இசைவாணி?”

“நீங்கதான்க்கா. கவிஞர்னா பேரு கொஞ்சம்...”

“ஏன், வள்ளித்தாய்னா பாட்டு வராதோ? வரிய எடுத்தாக, பேர விட்டாக. நீங்க பேரையே மாத்த வந்துட்டீகளாக்கும்!”

சுருக்கென்றது. இசைவாணியை அடித்துவிட்டேன்.

3

வள்ளித்தாய்க்கும் தங்கச்சிக்கும் சங்கரலிங்கம் கம்பெனியில்தான் வேலை. வெடிவிபத்தில் தங்கச்சி போன அன்று அவள் மாரில் அடித்துக்கொண்டு பாடியது அந்த வரி. பாடியது ‘போனவளே’. துக்கத்துக்கு வந்த அச்சாபீஸ்காரர் ஒருவர் அதை மனசில் வாங்கிப் போய் அடுத்த சாவு போஸ்டரில் போட்டார். அதில் செத்தவர் வேறொரு பெரிய மனுஷர். மரியாதைக்கு ‘ள’ ‘ர’ ஆனது. இன்று வாட்ஸ்அப்பில்கூட வருகிறது. பாடியவள் பேர் எங்கும் இல்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். தங்கச்சி சாவுக்கு எட்டிப் பார்க்காத முதலாளிக்கே தங்கச்சியின் ஒப்பாரியை ஒட்டினார்களே! மார்க்கரோடு பஸ் ஸ்டாப்புக்குப் போய் ‘ர’வை அடித்தாள்.

4

முதலாளி மகன் ஹரிஷ்குமார் பைக்கை நிறுத்தினான்.

“ஏம்மா, அப்பா போஸ்டர்ல என்ன கிறுக்குறீக?”

“போஸ்டரு ஒங்களோடது தம்பி. பாட்டு என்னோடது.”

“ஊரெல்லாம் போடுற வரிம்மா. யாருக்கும் சொந்தமில்ல.”

“எந்தங்கச்சிக்குச் சொந்தம். ஒங்கப்பாவுக்கு அழ ஒங்க வீட்ல ஆளில்லையா? சொந்தமா அழுதுக்கோங்க.”

“நாளைக்கு வேலைக்கு வராதீக!”

“வரல” என்றபடியே பேரை எழுதத் தொடங்கினாள். ‘வள்ளி’ வரை வந்தபோது அவன் மார்க்கரைப் பிடுங்கினான்.

5

முடிவு ஒன்று: மகன் மனம் திருந்துகிறான். (யார் நம்புவார்கள்?)

முடிவு இரண்டு: வள்ளித்தாய் கண்ணீருடன்—

“அழுகிற மாதிரி முடிச்சீக, பொல்லாதவளாயிருவேன்” என்றாள். ஆகவே நான் முடிக்கவில்லை.

உங்கள் ஊரிலும் யாராவது சாவார்கள். அந்த வரி சுவருக்கு வரும். பேனாவை எடுங்கள். ‘ர’வை அடியுங்கள். அடியில் பேரை முழுசாக எழுதுங்கள்: வள்ளித்தாய். நடுவில் ‘த்’ உண்டு, விட்டுவிடாதீர்கள்.