ஏற்காட்டு கேம்ப்பு

கம்பெனியில் ஏற்காட்டு ஏரிக்கரையில் கூடாரம் அடித்து கேம்ப் போடுகிறார்கள், குடும்பத்தோடு வரலாம், சாப்பாடெல்லாம் இலவசம் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். நான் துலக்கிக்கொண்டிருந்த சட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"இன்னாது? கேம்ப்பா?"

அது எமர்ஜென்சி நடந்த சமயம். அம்பத்தூர் பக்கம் எங்கள் கள்ளிக்குப்பத்தில் அப்போது கேம்ப் என்றால் ஒரே அர்த்தம்தான். ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு போய், இனிமேல் பிள்ளை பிறக்காமல் ஆபரேஷன் செய்து அனுப்புகிற கேம்ப். வேப்பம்பட்டில் யாரையோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எல்லாம் 'போனார்களாம்'தான், கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் பயம்.

எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பயம். இரண்டு பெண்களுக்குப் பிறகு, போன வருஷம் ஒரு ஆண் குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. நான் பிழைத்ததே பெரிய விஷயம். டாக்டரம்மா அவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். என்னவென்று கேட்டால், "ரத்தம் கம்மியாம், கீரை துன்னணுமாம்" என்றார். நானும் கீரையாய்த் தின்று தீர்த்தேன். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆடி மாசம் திருமுல்லைவாயில் கோயில் மரத்தில் துணித் தொட்டில்கூடக் கட்டினேன். அந்த வாரம் அவர் சைக்கிளில் செயின் அறுந்து கிடந்ததால் பஸ்ஸில் போனோம். கிளை எனக்கு எட்டவில்லை. அவர்தான் வளைத்துப் பிடித்துக்கொண்டார்.

"யார் யார் போறாங்க?" என்று கேட்டேன். தேவராஜ், வேலுசாமி, வரதன் என்று சொல்லிக்கொண்டே போனார். அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள். கல்யாணம் ஆகாதவன் ஒருத்தன்கூட இல்லை.

"பாத்தியா? பாத்தியாய்யா? உனுக்கு இதுகூடப் புரியல?"

"இன்னாமே நீ! பசங்க மலையே பாத்ததில்ல. போய்ட்டு வர்லாம்."

சரி, நானும் காவலுக்கு வருகிறேன் என்று கிளம்பினேன்.

பக்கத்து வீட்டு ராஜம்மாவும் அதே காவலுக்குத்தான் பஸ் ஏறினாள். அவள் புருஷன்தான் தேவராஜ். லேபர் ஆபீசர் ஜெயராமன் பஸ்ஸுக்குள் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தார். ஒருநாளும் சிரிக்காத மனுஷன். கம்பெனி கம்பவுண்டர் தசரதன் மடியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாத்தே, பொட்டில இன்னா கீது?" என்று ராஜம்மா கேட்டாள்.

"பஞ்சு, டிஞ்சரு, கத்திரி."

கத்திரி என்றதும் ராஜம்மா கிள்ளிய கிள்ளில் என் தொடை கன்றிப்போயிற்று.

ஏரி அழகாகத்தான் இருந்தது. தண்ணீரின் மேல் பனி படர்ந்து கிடந்தது. என் பெண்கள் பேபியும் வரலட்சுமியும் கூவிக்கொண்டு ஓடினார்கள். நான் ஏரியைப் பார்க்கவில்லை, கூடாரங்களைப் பார்த்தேன். எல்லாம் காக்கி. ஒன்று மட்டும் சிவப்பு. ஆஸ்பத்திரிச் சுவரிலும் பஸ் முதுகிலும் வரைந்து வைத்திருப்பார்களே, குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம், அதே முக்கோணம் துணியில் எழுந்து நின்றது. தசரதன் பெட்டியோடு நேராக அதற்குள் போனார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காபி வந்தது. மயக்க மருந்து கலந்திருப்பான் என்று ஒருவரும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினார். பிடுங்கிக் கீழே ஊற்றினேன். தேவராஜ் அந்தக் குளிருக்கு என்று சொல்லி ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேன்ட் மாட்டி, பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கியிருந்தான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆம்பிளைகள் எல்லாரும் மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கூடாரத்துக்குள் கையைக் காலை நீட்டிக் குறட்டை விட்டார். இந்த மனுஷனுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த தோசைக் கரண்டியோடு வாசலிலேயே உட்கார்ந்தேன்.

பொழுது சாயும் நேரம், புதர்ப் பக்கம் ஒதுங்கப் போன தேவராஜ் அலறிக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு பேன்ட்டும் கையில், தொடையிலே ரத்தம்.

"ஐயையோ! பண்ணிட்டாங்க! என் ஊட்டுக்காரருக்குப் பண்ணிட்டாங்க!" என்று ராஜம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

நான் கரண்டியை ஓங்கிக்கொண்டு ஜெயராமன் முன்னால் போய் நின்றேன். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அதற்குள் தசரதன் குனிந்து பார்த்து, உப்பைத் தூவி, தொடையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் போட்டார். மலையில் ரத்தம் குடிக்கும் அட்டை. பிறகு டிஞ்சர் தடவினார்.

நாங்கள் பயந்த விஷயத்தைச் சொன்னதும் ஜெயராமன் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பத்து வருஷம் சர்வீஸ் ஆனவங்களைச் சந்தோஷப்படுத்தலாம்னு கூட்டிட்டு வந்தேன்மா. காக்கித் துணி பத்தலை, ஒண்ணை சிவப்புல தைச்சாங்க" என்றார். பத்து வருஷம் வேலை பார்த்தவனுக்குக் குழந்தை குட்டி இல்லாமல் இருக்குமா? எல்லாரும் சிரித்தோம். அப்போதுதான் எனக்கு ஏரி கண்ணில் பட்டது.

தேவராஜுக்கு மட்டும் நடுக்கம் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் அவன் தோளில் கையைப் போட்டார்.

"இதுக்குப் போய் இப்டி நடுங்கறியே மச்சான். அப்டியே பண்ணாலும் இன்னா? எறும்பு கடிச்ச மாதிரிதான் இர்க்கும். ஒரு வாரம் சைக்கிள் ஏறக் கூடாது, அவ்ளோதான்."

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

சைக்கிள். செயின் அறுந்த அந்த ஆடி மாச வாரம்.

ஏரி ஓரமாக அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"எறும்பு கடிச்ச மாதிரி இர்க்கும்னு உனுக்கு எப்டிய்யா தெரியும்?"

"யாரோ சொன்னாங்க."

"செயின் அறுந்துதுன்னியே, அது யாரு சொன்னது?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா கீரையப் பத்தி ஒண்ணியும் சொல்லல சாமுண்டி. இன்னொரு வாட்டின்னா நீ பொழைக்க மாட்டேன்னாங்க. சொன்னா நீ கேக்க மாட்டே. அதான் நானே போய்ப் பண்ணிகினேன்."

ஜெயராமனைச் சந்தேகப்பட்டேன், தசரதனைச் சந்தேகப்பட்டேன், காபியைச் சந்தேகப்பட்டேன். பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்ட ஆளைச் சந்தேகப்படவில்லையே. இனிமேல் எனக்குப் பிள்ளை இல்லை. அதை எனக்கு முன்னால் இவர் தெரிந்து வைத்திருக்கிறார்.

"அப்பறம் எதுக்குய்யா கிளைய வளைச்சிக் குடுத்தே? நான் தொட்டில் கட்டறதப் பாத்துகினு நின்னியே, பாவி, நீ இன்னா வேண்டிகினே?"

"நீ இருக்கணும்னு."

அந்த மனுஷனை அப்படியே ஏரியில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. அதனால் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்பத்தூர் வந்து இறங்கும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை, கையையும் விடவில்லை.