இரண்டாவது கிளாஸ் காலியானதும்

வேல்ஸில், நான்ட் காரோக் கிராமத்துக் கறுப்புக் குதிரை பப்பில் பேசிய பேச்செல்லாம், இரண்டு கிளாஸ் பீர் காலியாகும் நேரம் கழித்து, பேசியவர் குரலிலேயே கூரை விட்டத்திலிருந்து திரும்பி வந்தது. கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூட்டம் வேகமாகக் குடித்தால் வேகமாக வரும். நிதானமாகக் குடித்தால் நிதானமாக வரும். யாரும் குடிக்காவிட்டால் வராது. சுவரில் ஏறிய ஈரம்தான் காரணம் என்றார் போதகர். புகைபோக்கிக் கோளாறு என்றார் டிராக்டர் வின். ஊரில் வின் என்ற பெயரில் நாலு பேர் இருந்ததால் இவர் டிராக்டர் வின். தன் மச்சினியைப் பற்றி அவர் சொன்ன ஒரு கருத்து, சரியாக அவள் உள்ளே நுழையும்போது மேலிருந்து வந்து தொலைத்தது. அதிலிருந்து மச்சினி பேச்சை மட்டும் பக்கத்து ஊர் பப்பில் வைத்துக்கொண்டார். மற்றபடி ஒரு குளிர்காலம் போவதற்குள் ஊர் பழகிவிட்டது. ஃபிரிட்ஜ் உறுமுவதை யார் கவனிக்கிறார்கள்?

பப்பை நடத்திய லவ்ரிக்கு மட்டும் இதில் ஒரு நப்பாசை இருந்தது. பீர்ப் பெட்டிமேல் ஏறி நின்று கவுன்ட்டரை எட்டிப் பார்த்த வயதிலிருந்து இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களிடம் அவள் ஒரே புகாரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தாள். "நாங்க உள்ள வர்ற வரைக்கும் இங்கிலீஷ்லதான் பேசிக்கிட்டிருந்தாங்க. எங்களப் பாத்ததும் வெல்ஷுக்கு மாறிட்டாங்க." இங்கிலாந்தில் இதைச் சொல்லாத ஆளில்லை. வேல்ஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட மைத்துனருக்கு நேர்ந்ததாகச் சொன்னார்கள். அத்தனை கனமான கருங்கல் சுவருக்கு வெளியே நின்றபடி உள்ளே என்ன மொழி என்று எப்படித்தான் கேட்டதோ! வேல்ஸ்காரர்களையும் ஆடுகளையும் முடிச்சுப்போடும் அந்த ஆட்டு ஜோக்கைக்கூட அவள் சகித்துக்கொள்வாள். சொல்லப்போகிறவர் மூச்சை இழுக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். பாடச் சொல்லுவார்கள், அவளுக்குப் பாட வராது, வேல்ஸ்காரிக்குப் பாட வராதா என்று ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். போகட்டும். ஆனால் சொந்த ஊரில், சொந்த அப்பனிடம், சொந்த மொழியான வெல்ஷில் பேசுவது யாரோ ஒருவரை நோகடிப்பதற்காகத்தான் என்று சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விட்டம் பேச ஆரம்பித்ததும் வழக்கு முடிந்தது என்று நினைத்தாள். சாட்சி மேலேயே இருக்கிறது. வந்தவர்கள் உட்கார்ந்து குடிக்க வேண்டியதுதான், தாங்கள் வருவதற்கு முன் என்ன பேச்சு நடந்தது என்று தானே கேட்கும். முதலில் கேட்டவர் கேரவனில் வந்திருந்த ஒரு சிவந்த கழுத்துக்காரர். வழக்கமான புகாரைச் சொன்னார், ஆட்டு ஜோக்கும் சொன்னார். இரண்டாவது கிளாஸ் காலியானதும் அவர் வருவதற்கு முன் டிராக்டர் வின் தன் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்ததைப் பற்றிச் சொன்ன அத்தனையும், சுத்தமான வெல்ஷில், மேலிருந்து கொட்டியது. சிவந்த கழுத்துக்காரர் அண்ணாந்து பார்த்தார். "பாத்தியா, எங்கள எரிச்சல்படுத்த ரெக்கார்டே பண்ணி வெச்சிருக்காங்க" என்றார் மனைவியிடம். இன்னும் இரண்டு கிளாஸ் கழித்து அவருடைய ஆட்டு ஜோக்கும் திரும்பி வந்தது. அதற்கு அவர் ஒருத்தர் மட்டும் மறுபடி சிரித்தார்.

லவ்ரியின் அப்பா எம்லின் கணப்படுப்புப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவளுக்கு முன் பப்பை நடத்தியவர் அவர்தான். வாழ்நாள் முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் ஆங்கிலத்தில் வக்கணையாகப் பேசியவர். பக்கவாதம் வந்து பேங்கர் நகர ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையோடு ஆங்கிலமும் போயிருந்தது. இப்படி ஆவது உண்டு, பிறந்த மொழி மட்டும் தங்கிவிடும் என்றார்கள் டாக்டர்கள். லவ்ரி ஆங்கிலத்துக்கு மாறினால், சத்தத்தை அணைத்துவிட்ட டிவியைப் பார்ப்பதுபோல் அவள் வாயைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்து விழுவார். அதனால் கிளாஸை நிரப்பிக்கொண்டே அவள் விடாமல் குரல் கொடுத்தாள். "அப்பா, கால இழுத்துக்கோங்க." "அப்பா, சூப்பு ஆறுது." இந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான் அத்தனை புகார்.

பப் கட்டடம் ஒரு பீர் கம்பெனிக்குச் சொந்தம். குத்தகை வசந்தத்தில் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் லவ்ரிக்குக் கடையும் இல்லை, மாடி வீடும் இல்லை, எம்லினுக்கு அந்த அடுப்போர நாற்காலியும் இல்லை. புகார்களை விசாரிக்கக் கம்பெனியிலிருந்து விட்காம் என்றொருவர் வந்தார். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா கோத்த ஓர் அட்டையை மேஜைமேல் வைத்தார். உங்களோடு ஆங்கிலத்தில் பேசுவதில் மகிழ்ச்சி என்று அதில் அச்சடித்திருந்தது.

"உத்தரவெல்லாம் இல்லைங்க. ஒரு யோசனைதான். வெளியாளுங்க இருக்கிறப்ப மட்டும்."

எம்லினின் தாத்தா காலத்தில் பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசி மாட்டிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. விட்காமுக்கு இது தெரியாது. லவ்ரி பல்லைக் கடித்துக்கொண்டு, "உக்காந்து ரெண்டு கிளாஸ் குடிங்க" என்றாள். குடித்தார். அவர் வருவதற்கு முன் நடந்த பேச்சு மேலிருந்து வந்தது: எம்லின் கஞ்சியில் உப்பில்லை என்றது, வின்னின் கிடாவுக்குக் குளம்பு அழுகியது. ஒரு சொல் ஆங்கிலம் இல்லை. விட்காம் தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டு முடித்தார்.

"அப்ப நான் வரப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றார்.

லவ்ரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என்ன அட்டை அது என்று எம்லின் கேட்டார், சொன்னாள். அவர் அதை இடது கையால் வாங்கி, நாடாவோடு அடுப்பில் போட்டு, ஏதோ சொன்னார். என்னைத் திட்டுகிறாரா என்று கேட்டார் விட்காம். நெருப்பு குறைகிறது, விறகு போடு என்றுதான் சொல்லியிருந்தார். விட்காம் நம்பவில்லை. குத்தகை விஷயம் யோசனையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரியில், கடை திறக்கிற நேரத்தில், டிராக்டர் வின் பீப்பாயை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார் எம்லின். சாத்திவிட்டு வின் திரும்புவதற்குள் எம்லினின் உயிர் போயிருந்தது. லவ்ரி இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு ஆம்புலன்ஸ் வரும்வரை யாரும் பேசவில்லை. அன்று யாரும் குடிக்கவுமில்லை. அடக்கம் வரைக்கும் கடை மூடியே இருந்தது. அதனால் அந்தப் பேச்சு விட்டத்திலேயே நின்றது.

அடக்கம் முடிந்து ஊரே பப்புக்கு வந்தது. எல்லோர் கையிலும் கிளாஸ் இருந்தது, முதலாவதைக் குடித்தார்கள். இரண்டாவதில் உதட்டை நனைத்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்தால் வந்துவிடும், வந்தால் தீர்ந்துவிடும். ஒரு தடவைக்குமேல் எதையும் அந்த விட்டம் சொன்னதில்லை. பீரில் நுரை செத்துப்போயிற்று. லவ்ரி யாரையும் அவசரப்படுத்தவில்லை. அவளே கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கிளாஸைப் பிடித்தபடிதான் நின்றாள்.

அப்போது விட்காம் கதவை அகலத் திறந்துபோட்டு உள்ளே வந்தார். கறுப்பு டை கட்டியிருந்தார். இரங்கல் சொன்னார். துக்கம் கேட்க வந்தவருக்கு வின் இரண்டு கிளாஸ் வாங்கி வைத்தார். நெடுந்தூரம் வண்டி ஓட்டிய தாகத்தில் விட்காம் ஒன்றை ஒரே மூச்சில் முடித்தார்.

"கம்பெனிகிட்டப் பேசிட்டேங்க. குத்தகைய நீட்டிக்கலாம். இனிமே அந்த மாதிரிப் புகார் வராதில்ல?"

ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பா இல்லை, அதனால் மொழியும் இல்லை. கணக்குத் தீர்ந்தது என்று ஒரு மனிதர் இவ்வளவு கனிவாகச் சொல்ல முடியும் என்று லவ்ரி நினைத்திருக்கவில்லை. வீடு, கடை, அடுப்பு எல்லாம் ஒரு தலையாட்டலில் கிடைத்துவிடும். ஊர் முழுக்க அவளைப் பார்த்தது.

"வரும்ங்க" என்றாள். "நான் இங்க இருக்கிற வரைக்கும் வரும்."

விட்காம் இரண்டாவது கிளாஸை எடுத்துக் குடித்து முடித்தார்.

"கதவச் சாத்துப்பா. சூடெல்லாம் வெளிய போகுது" என்றார் எம்லின், மேலிருந்து, வெல்ஷில்.

விட்காம் அண்ணாந்து பார்த்துவிட்டு லவ்ரியைப் பார்த்தார்.

"என்னப் பத்தியா?"

"ஆமாங்க, உங்களத்தான்" என்றாள் லவ்ரி. "கதவச் சாத்தச் சொல்றார்."

விட்காம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவர் திரும்பி நடக்கும்போது விட்டம் லவ்ரியின் குரலில் கூப்பிட்டது. அப்பா. மறுபடி, அப்பா. அதற்குப் பதில் வரவில்லை. டாட் என்ற அந்த ஒரு சொல் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுதான். விட்காம் அர்த்தம் கேட்கவில்லை. பேனாவை எடுத்துக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

புகார்கள் இன்றும் வருகின்றன. விட்காம்தான் படிக்கிறார். குளிர்காலத்தில் கதவைத் திறந்துபோட்டு யாராவது உள்ளே நுழைந்தால், சாத்தச் சொல்லி லவ்ரி வெல்ஷில் குரல் கொடுக்கிறாள். இரண்டு கிளாஸ் கழித்து விட்டமும் சொல்கிறது. சிலர் சாத்துகிறார்கள்.