டௌவே முணுமுணுத்தது

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஹிஸ்கே சொன்னது. நெதர்லாந்தின் லேயுவார்டன் நகரில் நாங்கள் இருவரும் ஒரே மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சனிக்கிழமைச் சந்தையில் பொரித்த மீனைத் தின்றுகொண்டே, தன் ஆய்வில் நடந்த ஒன்றைச் சொன்னாள். நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். ஓட்டை உள்ள கதையைக் கையில் கொடுத்தால் எழுதுகிறவன் சும்மா இருப்பானா?

வயதான பிறகு காதுக்கருவி மாட்டிக்கொண்டவர்களுக்கு, மறுபடி கேட்பது எப்படி இருக்கிறது என்பதுதான் அவள் ஆய்வு. முறைக்குப் பெயர் தோற்றப்பாட்டியல். பெயர்தான் பயமுறுத்தும். ஏன் என்று கேட்கக்கூடாது, எப்படி இருந்தது என்று மட்டும் கேட்க வேண்டும். கேட்கிறவர் தன் முன்முடிவுகளை அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக வைத்துவிட வேண்டும். ஹிஸ்கே வைத்தது: (மறுபடி கேட்பது மகிழ்ச்சி.) நான் வைத்தது: (வயதானவர்கள் பாவம்.) இரண்டுமே தேறவில்லை.

2

தொடக்கம். ‘ஹார்லிங்கன் துறைமுகத்தின் மேல் கடற்காகங்கள்…’ வேண்டாம். கடற்காகத்தோடு தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இப்படி வைத்துக்கொள்ளலாம். ஃபோக்யே என்ற அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எதிரொலிக்கும் நீச்சல்குளக் கூடத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்து, கத்தியும் விசிலடித்துமே காதைத் தொலைத்தவர். அவர் வீட்டு மேசையில் ஹிஸ்கே ஒலிப்பதிவுக் கருவியை வைத்தாள்.

“கருவி மாட்டுன முதல் நாள் காலையில எப்படி இருந்துச்சும்மா?”

“ரஸ்க்கைக் கடிச்சேன். பக்கத்துல யாரோ மரம் அறுக்குற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா யாருமில்ல. நாந்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் டௌவே பேசுறது கேட்டுச்சு.”

டௌவே அவர் கணவர், வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களாக வாயே திறக்காத மனிதர் என்று ஃபோக்யே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“வாயை மூடுனாத்தானே பொண்ணே! காப்பிக் கோப்பைகிட்டப் பேச்சு, செருப்புகிட்டப் பேச்சு. நான் ஏதாவது கேட்டா அடிக்குரல்ல பதில் வேற. ‘வந்தாச்சுப்பா மகாராணி’ன்னு.”

“அவர்கிட்டச் சொன்னீங்களா?”

“ஏன் சொல்லணும்? கருவி சரியில்ல, ஒண்ணும் கேக்கலன்னுட்டேன். மூணு வாரமா ஒட்டுக்கேக்குறேன். டிவியில வர்றதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமேயில்ல.”

ஹிஸ்கே சிரித்துவிட்டாள். (ஆய்வாளர் சிரிக்கலாமா? “சிரிச்சதையும் எழுது” என்றாராம் அவள் வழிகாட்டி.)

3

டௌவே காப்பி கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடினார். திரும்பி நடக்கையில் அந்த டப்பாவிடம் ஏதோ முணுமுணுத்தார்.

இந்த வாக்கியத்தைத்தான் ஹிஸ்கே சொல்லவில்லை. “ஆய்வுக்கு வந்தவங்க நம்பிக்கைடா அது. சாவடிச்சாலும் சொல்லமாட்டேன்.”

ஆகவே நானே எழுதிக் காட்டினேன். முதலாவது: “வாயாடிகிட்ட இன்னைக்கு நல்லா மாட்டினா ஒருத்தி.” படித்துச் சிரித்தாள். இல்லையாம். இரண்டாவது: “என் செல்லம் சிரிச்சா எவ்வளவு அழகு.” “ஐயோ, குமட்டுது. அவரு வரி ஆபீஸ் ஆளுடா!”

மூன்றாவது: “இந்தப் பொண்ணுகிட்டயாச்சும் பேசுறாளே.”

ஹிஸ்கே சிரிக்கவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, பேச்சை மழைக்கு மாற்றினாள்.*

4

இனி நடந்தது முழுவதும் அவள் சொன்னபடியே.

ஃபோக்யேவின் கை கோப்பையின் மேல் அப்படியே நின்றது. இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டிய இடம் இது. ஆய்வுக்கு வந்த மற்றவர்கள் எல்லாரும் நினைவிலிருந்து சொன்னார்கள். இங்கே அனுபவம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. கேள்வி நுனிநாக்கு வரை வந்தது. ஹிஸ்கே விழுங்கிவிட்டாள்.

அந்தக் கணத்தில் ஃபோக்யேவின் மனத்தில்…

எனக்குத் தெரியாது. அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

“டௌவே! எனக்குக் கேக்குது.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. “என்ன கேக்குது?”

“எல்லாமே. மூணு வாரமா.”

டௌவே சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் காது வரை சிவந்திருந்தது. “செருப்புகிட்டப் பேசுனதுமா?”

“அதுவுந்தான்.”

“பதில் சொல்லியிருக்கலாமே.”

“நீ சத்தமாச் சொல்லியிருக்கலாமே!”

“ரொம்ப வருஷம் சத்தமாத்தான் சொன்னேன் ஃபோக்யே. நீ திரும்பல. அப்புறந்தான் குரல் இறங்கிப்போச்சு.”

5

டௌவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஹிஸ்கே பதிவை நிறுத்தினாள். அவள் எழுந்ததை இருவரும் கவனிக்கவில்லை. மேலங்கியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

முடிவு (அ): கட்டிக்கொண்டார்கள். (ஆ): மூன்று வார ஒட்டுக்கேட்டலுக்கு டௌவே மூன்று மாதம் பேசவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான்தான் பேசுகிறேன்.

ஹிஸ்கேவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தெருவில் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது, திரை போடாத ஜன்னலில் இருவரும் தெரிந்தார்கள். ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், இருவருமே கையை ஆட்டி ஆட்டி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தையும் வரவில்லை.

நானும் இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். உங்களுக்குக் கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள்.

———
* அன்று மழை இல்லை.