சவுக்காரக் கொம்பனி

குண்டுவீச வரும் பொம்மரின் இரைச்சல் காதில் விழுந்தபோது மீனாம்பிகை கொதிக்கும் கிடாரத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. முதலில் அவள் வானத்தைப் பார்க்கவில்லை. கொட்டிலுக்கு மேலே நேராக எழும்பிக்கொண்டிருந்த தங்கள் புகையைத்தான் பார்த்தாள். காற்றே இல்லாத காலை. புகை தென்னைகளையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பண்டத்தரிப்பில் அந்தச் சவுக்காரக் கொம்பனி தொடங்கி ஐந்து மாதம். காங்கேசன்துறையில் ஆய்வுகூடமொன்றில் வேலை பார்த்த ஹரோல்ட், சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, பழைய புகையிலைக் கொட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பொருளாதாரத் தடையால் சவுக்காரம் கண்ணில் காணக் கிடைக்காத காலம். அவர் காய்ச்சிய முதற்கட்டி நுரைத்தபோது மூன்று தொழிலாளிகளும் கைதட்டினார்கள். "இது என்ரை கொம்பனி இல்லை, எங்கடை கொம்பனி" என்பார். மத்தியானத்தில் அவர்களோடு ஒரே பாயில் இருந்து சாப்பிடுவார். வேப்பெண்ணெய் நாற்றத்துக்கு எலுமிச்சந்தோல் போடலாம் என்று மீனாம்பிகை சொன்னதை அன்றைக்கே செய்து பார்த்தார். புருஷன் கொழும்புக்குப் போய்க் கடிதமும் நின்றுபோன நான்கு வருடத்தில், அவளிடம் யோசனை கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மூவரில் ஒருத்தியான சுகிர்தத்துக்கு அது வேறு கொம்பனி. காரநீர் தெறித்து அவளுடைய முழங்கைத் தோல் உரிந்தது. "எங்கடை கொம்பனி எண்டால், எரியிறது ஏன் என்ரை கை மட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை. மிஞ்சியது மீனாம்பிகையும் விறகு தள்ளுகிற பரமலிங்கமும்.

மேலேயிருந்து புகை தெரியாதபடி, முகில் மூடிய நாளில் மட்டுமே அடுப்பு மூட்டுவது என்று வைத்திருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூட அகதி முகாமில் பிள்ளைகளுக்கெல்லாம் சிரங்கு. வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு கட்டி வேண்டும் என்று ஆள் வந்தது. "இண்டைக்கு ஒருநாள்தானே" என்றார் ஹரோல்ட்.

இப்போது அவர்தான் முதலில் கத்தினார். "ஓடுங்கோ!" கத்திய கையோடு அவரே முதலாவதாக, பக்கத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் பாய்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பரமலிங்கம் விறகைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். மீனாம்பிகையும் நாலடி வைத்துவிட்டாள். அப்போதுதான் கிடாரம் பொங்கும் சத்தம் கேட்டது. வழிந்து நெருப்பில் விழுந்தால் எண்ணெய் பற்றும், கொட்டிலே எரியும், பிறகு மேலே இருப்பவனுக்கு வேறு அடையாளம் தேவையில்லை. தண்ணீர் ஊற்றினாலும் புகை இன்னும் கூடும். அவள் மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அடுப்புக்குள் எறிந்தாள். நகம் பிய்ந்தது.

"பிள்ளை, விட்டிட்டு வா! உயிர் பெரிசு!" பரமலிங்கத்தின் குரல் நிலத்துக்கு அடியிலிருந்து வந்தது.

"வாறன் அண்ணை, வாறன்" என்றபடியே எறிந்தாள். பொம்மர் கீழே குத்தி இறங்குகிற ஓசை கேட்டதும் அடுப்பருகிலேயே குப்புற விழுந்தாள். நிலம் ஒருமுறை அவளைத் தூக்கிப் போட்டது. பயத்தில் சேலை நனைந்திருந்ததைப் பிறகுதான் உணர்ந்தாள்.

குண்டு வெங்காயத் தோட்டத்தில் விழுந்திருந்தது. இரண்டு மாடுகள் செத்தன. புகையைக் கண்டுதான் போட்டானா? ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

ஹரோல்ட் சட்டையெல்லாம் மண்ணாக வந்து நின்றார். "நான் உங்களை விட்டிட்டு ஓடியிட்டன், மீனாம்பிகை."

பரவாயில்லை என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஓம் சேர்" என்றாள்.

மறுநாள் பரமலிங்கம் வரவில்லை. மீனாம்பிகை வந்தாள். வீட்டில் இருந்தால் மட்டும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போய்விடுமா என்ன? அவளும் ஹரோல்டும் சரியாகக் காயாத கட்டிகளைக் கம்பியால் வெட்டினார்கள். பாயில் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் எழுந்து வெளியே போனாள்.

வெள்ளிக்கிழமை பெட்டியைச் சைக்கிளில் கட்டி முகாமுக்கு அவளே கொண்டுபோனாள். தாய்மார் அந்த இடத்திலேயே பெட்டியைப் பிரித்தார்கள். கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குந்தியிருக்க, தலைகளில் நுரை ஏறியது. ஒரு சின்னப்பிள்ளை சிரித்தது.

அப்போது மறுபடியும் அந்த இரைச்சல்.

தண்ணீர் வார்க்க நேரமில்லை. தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார்கள். மீனாம்பிகையும் குனிந்து இறங்கினாள். யாருடையதென்று தெரியாத ஈரக்கை ஒன்று அவள் கையைப் பிடித்தது. கண்ணில் காரம் எரிந்திருக்கும். ஒரு பிள்ளையும் அழவில்லை. இருட்டில் வெள்ளை வெள்ளையாய்த் தலைகள் மட்டும் தெரிந்தன. சத்தம் கிட்ட வர வர, அவற்றில் நுரை மெல்ல உடைந்துகொண்டிருந்தது.