ஓரத்துத் தூண்

குரூப் போட்டோ என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பந்தியில் இடம் பிடிக்கத் தெரிந்த சனத்துக்குக் கேமரா முன்னால் நிற்கத் தெரியாது. அதிலும் அந்தக் கோட்டையூர்க் காதுகுத்து இருக்கிறதே, அப்பப்பா! பழைய செட்டியார் வீடு ஒன்றை விசேஷத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வெளியே நிற்கச் சொன்னால் வெயில் என்றார்கள். உள்ளே நான் பின்னால் நகர நகர முதுகு சுவரில் முட்டியது. "ரெண்டு தடவையா எடுத்துக்கிறேன், பாதிப் பேர் தள்ளி நில்லுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"எல்லாரும் ஒண்ணா வரணும் செம்மலை. பெறகு என்னத்துக்கு உன்னையக் கூப்பிட்டோம்?" என்றார் குழந்தையின் தாய்மாமன். வேறு வழியில்லாமல், கிட்ட நின்றாலும் மொத்தக் கூட்டத்தையும் அடக்கிவிடுகிற வைடு லென்ஸை மாட்டினேன்.

அந்த லென்ஸுக்கு ஒரு கெட்ட குணம். நடுவில் நிற்பவர்களை உள்ளபடி காட்டும். ஓரத்தில் நிற்பவர்களை வெளிப்பக்கமாக இழுத்து அகலமாக்கிவிடும். நடுவில் யார் நிற்பது என்பதை நானா முடிவு செய்கிறேன்? குழந்தையை மடியில் வைத்த தாய்மாமன் நடுவில், சீர் கொண்டுவந்தவர்கள் அவருக்கு இருபுறமும், அதற்கப்புறம் பங்காளிகள். கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். சத்தியப்பிரியா கடைசி ஆளாக, தேக்குத் தூணை ஒட்டி நின்றாள். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிற பெண். ஒல்லியான முகம், சின்னத் தாடை.

ஒரு மாதம் கழித்து அவளுடைய அம்மா அக்கம்மாள் ஒக்கூரிலிருந்து பஸ் ஏறி காரைக்குடியில் என் ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிப்புட்டீக? எம்புள்ளைய இப்படி ஊதி வச்சிருக்கீகளே!"

செல்போனில் அந்தக் காதுகுத்துப் படத்தை நீட்டினார். கன்னம் தோசைக்கல்லில் விரிந்த மாவு மாதிரி ஒரு பக்கமாகப் பரவி, தோள் இரண்டு மடங்காகி, யாரோ ஒரு பெண் அங்கே நின்றாள்.

மகளுக்குக் காளையார்கோவிலில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். பெயர் பாண்டியராஜன். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் படம் கேட்டிருக்கிறார்கள். தனிப் படம் வேண்டாமாம். அதெல்லாம் இப்போது செல்போனிலேயே அழகு பண்ணி அனுப்புகிறார்களாம். விசேஷ வீட்டில் எடுத்த குரூப் போட்டோதான் பொய் சொல்லாது என்று மாப்பிள்ளையின் அத்தை சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அக்கம்மாளும் இதை அனுப்பியிருக்கிறார். பெண் பெருத்த உடம்பாக இருக்கிறதே என்று பதில் வந்திருக்கிறது. படம்தான் கோளாறு என்றதற்கு, அப்படியானால் இதே படத்தைச் சரியாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"வந்தவன் பூராம் வேலைய விடச் சொன்னான் தம்பி. இந்தப் பையன் ஒருத்தன்தான் லேப்புக்குப் போகட்டும்னான். அவளும் இதுக்குத்தான் வாயத் தொறந்து சரின்னா. இது கைவிட்டுப் போச்சுன்னா இனிமே ஒருத்தனுக்கும் ஒத்துக்கிர மாட்டா."

 கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஓரத்து ஆட்களைச் சுருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அது சும்மா நடக்காது. ஆளைச் சரிபண்ணினால் பக்கத்திலிருக்கும் நேர்கோடு வளையும். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். கன்னம் அடங்கியது, தோள் குறுகியது, சின்னத் தாடை வெளியே வந்தது. அவளேதான். பக்கத்தில் தேக்குத் தூண் வில் மாதிரி வளைந்து நின்றது.

அக்கம்மாள் திரையைத் தொட்டுக் கும்பிட்டார். "இதான் எம்புள்ள. அனுப்புங்க தம்பி."

"இருங்கக்கா, தூண் வளைஞ்சிருக்கு. அவ தோளு தூண்ல ஒட்டியிருக்கு, பாத்துப் பாத்துத்தான் நிமித்தணும். நாளைக்குத் தாரேன்."

"அட போங்க தம்பி! தூணையா கட்டிக்கப் போறாக? அங்க காத்துக்கிட்டு இருக்காக, அனுப்புங்க."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அனுப்பியும் விட்டேன்.

மறுநாள் காலையில் அக்கம்மாள் போனில் அழுதார். தூண் வளைந்திருப்பதை அத்தை கண்டுபிடித்துவிட்டாராம். நம்பரை வாங்கி நானே பேசினேன். லென்ஸ் இழுப்பதைச் சொன்னேன், முதல் படம்தான் பொய் என்று சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி. மொதப் படத்துல தூணு எப்படி இருந்துச்சு?"

"நேரா இருந்துச்சு."

"நெசத் தூணு எப்படி இருக்கும்?"

"நேராத்தான் இருக்கும்."

"அப்ப எந்தப் படம் நெசம்? எங்களுக்கும் கண்ணு இருக்குல்ல."

"அம்மா, தூணு பொய், பொண்ணு நெசம். நேர்ல வந்து ஒருக்கப் பாத்துருங்க, கையெடுத்துக் கும்புடுறேன்" என்றேன்.

"போட்டோவுலயே ஏமாத்துறவுக வீட்டுக்கு எதுக்குப்பா வரணும்?" என்று வைத்துவிட்டார். திரும்பவும் அடித்தேன். எடுக்கவில்லை. இருபது வருஷமாகப் படம் எடுக்கிறேன், ஒரு உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. கேமராவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் சத்தியப்பிரியாவே வந்தாள். ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும் என்றாள்.  நல்ல லென்ஸை மாட்டி, தள்ளி நின்று, நிதானமாக எடுத்தேன். ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குண்ணே. எவ்வளவு கொறச்சீக?"

"ஒண்ணும் கொறைக்கலம்மா. நீ இருக்கிறபடிதான் இருக்கு. சத்தியமா."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாவம், நல்ல மனுஷன் என்று நினைத்திருப்பாள். "அம்மா அழுதுச்சுன்னு சொல்றீகளாக்கும்" என்று கவருக்குள் படத்தைப் போட்டுக்கொண்டாள்.

வாசல் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். என் ஸ்டுடியோவுக்கு வருகிற யாரும் அதைப் பார்க்காமல் போனதில்லை. அதில் பார் தாயி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பாமலே படியிறங்கிவிட்டாள்.