மடுவுக்கு ஒரு தூண்டில்

"மீனுக்கு வலிக்காத முள்ளு இருக்கா அங்கிள்?" என்று யுகேஷ் ஒருமுறை கேட்டான். அப்பா ஸ்ரீதரனோடு கட்டுகஸ்தோட்டையிலுள்ள நளீரின் தூண்டில் கடைக்கு வந்திருந்தான். திலாப்பியாவுக்கு மெல்லிய கம்பும் சின்ன ரீலும் போதும், விரால் என்றால் புல்லுக்குள்ளிருந்து பிடுங்கி எடுக்கத் தடித்த நூல் வேண்டும் என்று நளீர் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த முட்களைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டான்.

"அப்பிடி ஒண்டு ஈந்தா நான் கடைய மூடிட்டு மடவளையில கோழி வளக்கோணும் மகன்" என்றார் நளீர். ஸ்ரீதரன் சிரித்த சிரிப்பில் வீதியால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று ஸ்ரீதரன் தனியாக வந்து நின்றான். காற்சட்டை முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"இருக்கிறதுலயே பலமான கம்பு ஒண்ணு வேணும் நானா."

"என்ன மீனுக்கு?" வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. கேட்டபிறகுதான் நளீருக்கு உறைத்தது. செய்தி அவருக்குத் தெரியும். ஹேவாஹெட்டயில் அத்தை வீட்டுக்குப் போன பிள்ளை. மழையில் மலை இறங்கித் தோட்டத்து லயவீடுகளை ஓயா ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. மற்ற எல்லோரையும் எடுத்துவிட்டார்கள். யுகேஷை மட்டும் எடுக்கவில்லை.

"தேடுறத நிப்பாட்டிட்டாங்க" என்றான் ஸ்ரீதரன். "கீழ ஒரு மடு இருக்கு. மரமெல்லாம் வந்து அடைஞ்சு கெடக்கு. அவன் அங்கதான் இருக்கான். எறங்க ஒருத்தரும் வரமாட்டேங்குறாங்க. எனக்கு நீந்தத் தெரியாது."

நளீர் உள்ளே போனார். முதலில் எடுத்த கம்பை வளைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். நுனி வளைகிற கம்பு மீனோடு விளையாடத்தான் ஆகும். பாரத்தைத் தூக்க நுனியும் விறைப்பாக இருக்க வேண்டும். ரீல் வேகமாகச் சுற்றத் தேவையில்லை, மெதுவாக, விடாமல் இழுத்தால் போதும். நூலில் கை வைத்தபோது தயங்கினார். நைலோன் தங்கூசு நூல் இழுபடும், அடியில் படுவது கைக்குத் தெரியாது. பின்னல் நூல் இழுபடாது. தண்ணீருக்குள் தொடுவதெல்லாம் அப்படியே கைக்கு வரும். அதை இந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே பின்னல் நூலை எடுத்தார்.

முள்ளை ஸ்ரீதரனே தேர்ந்தெடுத்தான். கடலுக்கு விற்கிற, மூன்று கொக்கி ஒன்றாகச் சேர்ந்த பெரிய முள்ளு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இது அவன..." என்று தொடங்கி நிறுத்தினான். "வேற வழியில்ல நானா. பெத்தவ நிஷாந்தினி ஒரு வாட்டி அவன் மொகத்தப் பாக்கணும்ங்குறா. அழக்கூட மாட்டேங்குறா."

"நூல் சுத்த நேரமாகும். எதுத்த கடையில ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கொ. குடிக்கோணும், சரியா?"

அவன் வீதியைக் கடந்து போவதை நளீர் பார்த்துக்கொண்டிருந்தார். கொரோனாக் காலத்தில், முஸ்லிம்களின் மையித்துகளையும் எரித்தே ஆகவேண்டும் என்றிருந்த மாதங்களில், அவருடைய உம்மா மவுத்தானார். குளிப்பாட்ட விடவில்லை, முகம் பார்க்க விடவில்லை. அன்று தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சுடலையில் வேலை செய்யும் மாநகரசபைத் தொழிலாளி. "நானா, பெட்டி இங்கதான் இருக்கு. ஃபோன அது மேல வைக்கிறேன், ஓத வேண்டியத ஓதுங்க. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்." பிடிபட்டால் வேலை போயிருக்கும். நளீர் அழுது அழுது ஓதினார். முடிந்த பிறகும் அவன் அவசரப்படுத்தவில்லை. அதன்பின் ஸ்ரீதரன் மகனைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ முறை கடைக்கு வந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் நளீர் அதைப் பற்றிப் பேச நினைத்து, மீனைப் பற்றியே பேசினார். தொழுகையில் மட்டும் அவன் பெயரைச் சொன்னார்.

கதவைப் பாதி இழுத்துவிட்டு அரத்தை எடுத்தார். பிஸ்மி சொல்லி முதல் கொக்கியில், ஏறியதைக் கழன்றுவிடாமல் பிடிக்கும் செதிலை ராவினார். பிறகு கூர்முனையை. உருக்கு லேசில் தேயவில்லை, விரல் வழுக்கித் தோல் கிழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ராவினார். மூன்று நுனிகளும் மிளகுபோல் உருண்டு வந்ததும் மண்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார்.

பிறகு தன் சட்டைக் கையில் அதை மாட்டி இழுத்தார். துணியில் நன்றாகவே கொளுவியது, விடவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வெறும் தோலில் வைத்து அழுத்தி இழுத்தார்.

எதிர்க்கடையில் ஸ்ரீதரன் பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்தபடி, குடிக்காமல், பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நளீரின் கையில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்து, மெல்ல மறைந்தது.